புளூ சயர், மோபா, புருண்டி: என் ஃபிரான்டோசா மீன்களை எந்தப் பெயரில் குறிப்பிடுவது?

கேள்வி: நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். ஆப்பிரிக்காவின் தங்கனீகா ஏரியில் வாழும் சிக்லிட் குடும்ப மீன்களை நெடுநாள் வளர்த்துவருபவர்களிடம் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன்.

என்னுடைய ஆறடித் தொட்டியில் இரண்டு வழிகளில் வந்த ஃபிரான்டோசா மீன்கள் இருக்கின்றன. முதல் கூட்டத்தைக் குஞ்சுகளாக ஒரு கடையில் வாங்கினேன். அங்கே தொட்டியின் மேல் ‘புளூ சயர்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆனால் எனக்குக் கொடுத்த ரசீதில் ‘மோபா’ என்று இருந்தது. இரண்டாவது கூட்டம், வேலை மாற்றலாகி வெளியூர் சென்ற நண்பர் ஒருவர் என்னிடம் ஒப்படைத்த வளர்ந்த மீன்கள். அவர் அவற்றை ‘புருண்டி, ஆறு வரி’ என்று அழைத்துவந்தார். இரண்டும் ஒரே மீனின் வெவ்வேறு நிற வகைகள்தாம் என்று எண்ணி, ஒன்றாகவே வளர்த்துவருகிறேன்.

நான் வைத்திருக்கும் பழைய மீன்வளர்ப்பு நூல்களில் இவை எல்லாவற்றுக்கும் சைஃபோடிலேப்பியா ஃபிரான்டோசா என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. இப்போது வரும் ஏற்றுமதியாளர் பட்டியல்களிலோ, அதே படத்துக்குக் கீழே சைஃபோடிலேப்பியா கிப்பெரோசா என்று போட்டிருக்கிறார்கள். வரிகளை எண்ணிப் பார்த்தாவது தெளிவடையலாம் என்றால், நண்பரின் மீன்களுக்கு ஆறு வரி என்று சிலரும் ஐந்து என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வளர்ப்பாளர், பெயர்கள் எல்லாம் விலையை ஏற்றுவதற்காக வைக்கப்பட்டவை, மீன் ஒன்றுதான் என்று உறுதியாகக் கூறுகிறார்.

கடந்த வாரம் நண்பரின் மீன்களில் ஒரு பெண் மீன் வாயில் முட்டைகளை வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எந்த ஆணுடன் சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. குஞ்சுகளைக் கேட்டு இப்போதே சிலர் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவற்றை எந்தப் பெயரில் கொடுப்பது? ‘புளூ சயர்’ என்பதும் ‘மோபா’ என்பதும் ஒன்றா? இந்த இரண்டு கூட்டங்களும் ஒரே தொட்டியில் இருப்பது சரியா?

மறுமொழி: தங்கனீகா நேசன்

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தள்ளிப்போடக் கூடாதது. உங்கள் நண்பரும் கடைக்காரரும் சொன்னவை உண்மையாக இருந்தால், உங்கள் தொட்டியில் இருப்பவை ஒரே சிற்றினத்தின் இரண்டு நிறங்கள் அல்ல. அவை இரண்டு வெவ்வேறு சிற்றினங்கள். ஒரே தொட்டியில் இருந்தால் அவை கலந்து இனப்பெருக்கம் செய்யும். ஆகவே கூடிய விரைவில் அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

இனி பெயர்களுக்கு வருகிறேன். இந்த மீனை விலங்கியலாளர் பூலஞ்சர் 1906ஆம் ஆண்டில் பாரட்டிலேப்பியா ஃபிரான்டோசா என்ற பெயரில் விவரித்தார். 1920இல் ரீகன் அதற்கென்றே சைஃபோடிலேப்பியா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். அதன்பின் 80 ஆண்டுகளுக்கு மேலாக, ஏரியின் எந்தக் கரையில் பிடிபட்டாலும் நெற்றியில் திமிலும் உடலில் கரிய பட்டைகளும் கொண்ட இந்த மீனுக்கு ஒரே பெயர்தான் வழங்கிவந்தது. உங்கள் பழைய நூல்கள் தவறானவை அல்ல. அவை அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை. 2003ஆம் ஆண்டில் தகஹாஷி, நகாயா ஆகிய இரு ஜப்பானிய ஆய்வாளர்கள், ஏரியின் தென்பகுதியில் வாழ்பவற்றைத் தனிச் சிற்றினமாகப் பிரித்து, கிப்பெரோசா என்று பெயரிட்டார்கள். வடபகுதியில் வாழ்பவை ஃபிரான்டோசா என்ற பழைய பெயரிலேயே தொடர்கின்றன. புருண்டி நாடு ஏரியின் வடகோடியில் இருக்கிறது. மோபா என்பது காங்கோ நாட்டுக்குரிய மேற்குக் கரையில், தென்பாதியில் இருக்கும் ஊர். தங்கனீகா ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு உங்களுக்குப் புரியும்.

இந்தப் பிரிவினை நிறத்தை வைத்துச் செய்யப்பட்டதன்று என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிக்லிட் மீன்களின் பக்கக்கோடு, அதாவது உடலின் பக்கவாட்டில் செதில்களின்மேல் தெரியும் கோடு, தொடர்ச்சியாக ஓடாமல், முன்பகுதியில் மேல்கோடாகவும் பின்பகுதியில் கீழ்க்கோடாகவும் இரண்டாகப் பிரிந்திருக்கும். இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஃபிரான்டோசாவுக்கு இரண்டு செதில் வரிசைகளும் கிப்பெரோசாவுக்கு மூன்று செதில் வரிசைகளும் இருக்கும். ஓரளவு வளர்ந்த மீனை நேர்பக்கவாட்டில் தெளிவாகப் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பொறுமையுடன் எண்ணினால் வீட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். மீனின் மனநிலை, விளக்கின் வெளிச்சம், உணவு, வயது ஆகிய எதுவும் செதில் எண்ணிக்கையை மாற்றாது. நிறத்தையோ இவை அனைத்தும் மாற்றிவிடும். தொட்டியில் தலைமை பெற்ற ஆண் மீன் ஆழ்ந்த நீலமாகத் தெரியும்போது, அதன் உடன்பிறந்த ஆண் ஒடுங்கிக் கிடந்து சாம்பல் நிறமாக இருப்பதை இந்த மீனை வளர்த்த எல்லோரும் கண்டிருப்போம்.

வரிகளைப் பற்றிய குழப்பத்துக்குக் காரணம் எளியது. வளர்ப்பாளர்கள் தலையிலுள்ள பட்டையையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆய்வாளர்கள் உடலிலுள்ளவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். அதனால் நாம் ‘ஆறு வரி’ என்று அழைக்கும் வடபகுதி மீன் ஆய்வுக் கட்டுரையில் ஐந்து பட்டை மீனாகிறது. தான்சானியாவின் கிகோமா ஊரையொட்டி வாழும், நம்மால் ‘ஏழு வரி’ என்று அழைக்கப்படும் மீன் அங்கே ஆறு பட்டை மீனாகிறது. உங்களுக்கு ஐந்து என்றவரும் ஆறு என்றவரும் ஒரே மீனைத்தான் சொல்லியிருக்கக்கூடும். யாராவது வரிக் கணக்குச் சொன்னால், தலையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

‘புளூ சயர்’ என்பது ஓர் இடத்தின் பெயரன்று. காங்கோ ஜனநாயகக் குடியரசு 1971 முதல் 1997 வரை சயர் என்ற பெயரில் இருந்தது. அந்த நாட்டின் கரையிலிருந்து வந்த நீல நிற மீன்கள் எல்லாவற்றுக்கும் வணிகத்தில் இந்தப் பொதுப்பெயர் வழங்கலாயிற்று; நாட்டின் பெயர் மாறிய பிறகும் மீனின் பெயர் நிலைத்துவிட்டது. மோபா, கபாம்பா, கிதும்பா என அந்தக் கரையில் மீன் பிடிக்கப்படும் இடங்கள் பல உள்ளன, அவை ஒவ்வொன்றின் மீனும் சிறு சிறு வேறுபாடுகள் கொண்டவை. ஆகவே மோபா மீனைப் ‘புளூ சயர்’ என்று சொன்னால் அது தவறாகாது. ஆனால் ‘புளூ சயர்’ என்று விற்கப்படும் மீன் மோபாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொட்டியின் மேல் பொதுப்பெயரும் ரசீதில் இடப்பெயரும் இருந்தால், கடைக்காரர் அந்த இடப்பெயரை எங்கிருந்து எடுத்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அவருக்கு மீன் வந்த பெட்டியின் பட்டியலில் அது இருந்ததா, இல்லை, நீலமாக இருக்கிறதே என்று அவரே எழுதிக்கொண்டாரா?

விலைக்காகப் பெயர் வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த வளர்ப்பாளர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. மோபா போன்ற காங்கோ கரை மீன்கள் விலை மிகுந்தவை. அந்தப் பகுதியில் போரும் பாதுகாப்பின்மையும் நிலவிய ஆண்டுகளில் அங்கிருந்து மீன் வருவதே அரிதாயிற்று. மேலும் ஃபிரான்டோசா ஆழத்தில் வாழும் மீன். முக்குளிப்பவர்கள் அதைப் பிடித்த பிறகு, காற்றுப்பை வீங்கிவிடாமலிருக்கப் படிப்படியாக மேலே கொண்டுவர வேண்டும். இத்தனை உழைப்பும் இடரும் உள்ள மீனின் பெயரை, பண்ணையில் பெருகிய பெயர் தெரியாத குஞ்சுகளின் மேல் ஒட்டும் ஆசை சிலருக்கு வருகிறது. அதற்காகப் பெயர்களே பொய் என்று சொல்லிவிட முடியாது. பொய்யாகப் பயன்படுத்தப்படும் பெயர் வேறு, பொய்யான பெயர் வேறு.

மறுமொழி: கற்பாறை

தங்கனீகா நேசன் ஐயா செதில் கணக்கைச் சொன்னது மிக நன்று. அவர் சொன்னவற்றோடு ட்ரோஃபியஸ் மீன்களைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இடப்பெயர் எவ்வளவு பயனுள்ளது என்பதும் எவ்வளவு எளிதில் கெட்டுப்போகக்கூடியது என்பதும் ட்ரோஃபியஸில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரிவதில்லை.

ட்ரோஃபியஸ் கரையோரப் பாறைகளில் படர்ந்திருக்கும் பாசியை மேய்ந்து வாழும் மீன். திறந்த மணற்பரப்பையோ ஆழ்நீரையோ அது கடப்பதில்லை. அதனால் இடையில் நீண்ட மணற்கரையோ ஆற்றின் முகத்துவாரமோ இருந்தால், இருபுறமும் உள்ள பாறைகளில் இரண்டு தனித்த கூட்டங்கள் உருவாகிவிடுகின்றன. ஏரியின் நீர்மட்டம் பழங்காலத்தில் பலமுறை தாழ்ந்தும் உயர்ந்தும் இருக்கிறது. அப்போதெல்லாம் சில கூட்டங்கள் பிரிந்தன, வேறு சில கூட்டங்கள் மீண்டும் கலந்தன. அதன் விளைவாக இன்று சிவப்பு, மஞ்சள், ஆலிவ், கறுப்பு, பட்டையுள்ளது, பட்டையில்லாதது என நூற்றுக்கும் மேற்பட்ட நிற வகைகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. பூலஞ்சர் 1898இல் விவரித்த ட்ரோஃபியஸ் மூரி என்ற பெயரின்கீழ் இவற்றில் பெரும்பாலானவற்றை நெடுங்காலம் அடைத்துவைத்திருந்தார்கள். எவை தனிச் சிற்றினங்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. இந்த நிலையில் வளர்ப்பாளருக்குக் கைகொடுப்பது ‘இலாங்கி’, ‘மொலிரோ’, ‘சிலாங்கா’ போன்ற இடப்பெயர்கள்தாம். அறிவியல் பெயர் நாளை மாறினாலும், அந்த மீன் அந்தக் கரையில் பிடிக்கப்பட்டது என்ற செய்தி மாறப்போவதில்லை.

வணிகப் பெயர் எப்படி வழிதவறச் செய்யும் என்பதற்கு ‘கைசர்’ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ‘கைசர்’ என்று விற்கப்படுவது தான்சானியாவின் கிழக்குக் கரையில் இகோலாவிலிருந்து வரும் மீன். அகன்ற மஞ்சள் பட்டையுடன் அதைப்போலவே தோன்றும் மற்றொரு மீன் கிடைத்தபோது அதற்குக் ‘கைசர் 2’ என்று பெயரிட்டார்கள். அது கிரிசாவைச் சேர்ந்தது. கிரிசா இருப்பதோ காங்கோ பக்கத்தில், ஊப்வாரித் தீபகற்பத்தில்! ஒரு பெயருக்குப் பின்னால் எண் சேர்ந்தால், முதலாவதன் நெருங்கிய உறவு என்றே வாங்குபவர் எண்ணுவார். இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவார். ஏரியின் எதிரெதிர்க் கரைகளில் தனித்தனியே உருவான இரண்டு கூட்டங்கள் அந்த ஒரு தொட்டியில் முடிந்துபோகும்.

குஞ்சுகளைப் பார்த்து இடம் சொல்கிறேன் என்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ட்ரோஃபியஸ் டுபோய்சி குஞ்சுகள் எல்லாம் கரிய உடலில் வெண்புள்ளிகளோடு ஒன்றுபோலவே இருக்கும். மஸ்வா என்ற இடத்து வகையின் அகன்ற மஞ்சள் பட்டையும் மற்ற வகைகளின் ஒடுங்கிய வெண்பட்டையும் புள்ளிகள் மறைந்த பிறகே தெளிவாகும். ஃபிரான்டோசாவோ இன்னும் மெதுவாக வளர்வது. முழு நிறமும் திமிலும் வர ஆண்டுகள் ஆகும். விரல் நீளக் குஞ்சுகளைக் கையில் வைத்துக்கொண்டு இவை மோபாதான் என்று பார்வையால் மட்டும் உறுதி கூறுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இடப்பெயர்களும் எழுத்துப்பிழைகளோடு கைமாறுகின்றன. ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்படுகிறது. சில வேளைகளில் பிடிக்கும் இடத்தைப் போட்டியாளர் அறிந்துவிடக் கூடாதென்று பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லிவிடுவதும் உண்டு. ஆகவே பெயரோடு ஏற்றுமதியாளர் யார், எந்த ஆண்டு வந்தது, ஏரியில் பிடித்ததா அல்லது தொட்டியில் பிறந்ததா என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: மலாவி வாசகி

இருவரும் தங்கனீகாவை வைத்துச் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் ‘நிறம் வேறானால் இடம் வேறு’ என்ற முடிவுக்குப் படிப்பவர்கள் வந்துவிடக் கூடாது என்பதால் ஆப்பிரிக்காவின் மற்றொரு ஏரியான மலாவியின் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஒரே பாறையில், ஒரே சிற்றினத்தில், ஒரே தாயின் குஞ்சுகளிலேயே இரண்டு நிறங்கள் வரும்.

அங்குள்ள ஜீப்ரா என்ற சிக்லிட் மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கூட்டத்துப் பெண்களில் சில கரும்பட்டைகளோடும், சில முழுக்க ஆரஞ்சு நிறத்திலும், சில ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளிகள் சிதறியும் இருக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் ‘ஆரஞ்சு பிளாட்ச்’ என்பதன் சுருக்கமாக ‘ஓபி’ என்கிறோம். இந்தப் புள்ளி நிறம் பேக்ஸ்7 என்ற மரபணுவோடு தொடர்புடையது என்றும், பெண்பாலைத் தீர்மானிக்கும் பகுதிக்கு மிக அருகில் அது அமைந்திருப்பதால்தான் பெரும்பாலும் பெண்களிலேயே தோன்றுகிறது என்றும் 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பாறைகளுக்கிடையே மறைந்துகொள்ள அந்தப் புள்ளிகள் பெண்ணுக்கு உதவுகின்றன. ஆணுக்கோ துணையை ஈர்க்கும் நீலநிறத்தைக் கெடுத்துவிடுகின்றன. நிற்க, இப்படிப்பட்ட மூன்று பெண்களைக் கடையில் மூன்று தொட்டிகளில் பிரித்து வைத்தால், அவற்றை மூன்று வகைகள் என்றுதான் நாம் வாங்கிவருவோம். கோபால்ட் ஜீப்ரா என்று நாம் அறிந்த காலைனோஸ் சிற்றினத்திலும் பளிச்சென்ற நீல மீனும் வெண்ணிற மீனும் ஒரே சிற்றினத்தின் இரு தோற்றங்கள்தாம்.

‘ரெட் ஜீப்ரா’ இன்னும் வேடிக்கையான நிலையில் இருக்கிறது. மொசாம்பிக் கரையைச் சேர்ந்த இந்த மீனை 1995இல் கோனிங்ஸ் எஸ்தரே என்ற பெயரில் விவரித்தார். ஏரியில் இதன் ஆண்கள் பெரும்பாலும் வெளிர்நீலம். பெண்கள்தாம் ஆரஞ்சு அல்லது பழுப்பு. கடைகளில் ஆணும் பெண்ணும் ஆரஞ்சாகவே கிடைக்கக் காரணம், சிவந்த ஆண்களைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியது. இதனால் உண்மையான நீல நிற ஆண் ஒன்று கிடைத்தால், ‘இது ரெட் ஜீப்ரா இல்லை’ என்று ஒதுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

மஞ்சள் லேப் மீனுக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதே. ஃப்ரையர் 1956இல் லாபிடோக்ரோமிஸ் கேருலியஸ் என்று விவரித்தது ந்காட்டா விரிகுடாவின் வெளிர்நீலம் கலந்த வெண்ணிற மீனை. நாம் அனைவரும் வளர்க்கும் மஞ்சள் மீன், அதற்கு வடக்கே லயன்ஸ் கோவ் பகுதியில் வாழும் இட வகை. உலகெங்கும் தொட்டிகளில் பெருகியதெல்லாம் இந்த மஞ்சள் வகைதான் என்பதால், அறிவியல் பெயருக்கு உரிய முதல் மீனையே ‘வெள்ளை வகை’ என்று தனிப்பெயரிட்டு விற்கிறார்கள். இங்கே ரெட் ஜீப்ராவோடு கலந்த மஞ்சள் லேப் குஞ்சுகளும் ஏராளமாகச் சந்தையில் இருக்கின்றன. மஞ்சளில் ஆரஞ்சுச் சாயல் கூடிப்போயிருந்தாலோ, முதுகுத் துடுப்பின் கறுப்புக் கோடு மங்கலாக இருந்தாலோ நான் அதை இனப்பெருக்கத்துக்கு எடுப்பதில்லை.

நான்கு வேறுபாடுகளை நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே கூட்டத்துக்குள் இயல்பாக வரும் பல தோற்றங்கள், இடத்துக்கு இடம் மாறும் வகைகள், மனிதர் தேர்ந்து பெருக்கிய நிறங்கள், இரண்டு சிற்றினங்களைக் கலந்து உண்டாக்கியவை ஆகிய இவை ஒவ்வொன்றும் வேறு. பீக்காக் என்ற மலாவி சிக்லிட்டின் பெயரில் விற்கப்படும் ‘ஓபி பீக்காக்’ நான்காவது வகையைச் சேர்ந்தது. ஏரியில் அப்படியொரு மீனே கிடையாது. அதை வளர்ப்பவர்கள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அதன் பெண் குஞ்சுகள் சாதாரணப் பீக்காக் பெண்களைப்போலச் சாம்பல் நிறத்திலும் வரக்கூடும், அவை பெயர் மாறி விற்கப்படும்போது நல்ல இட வகைக் கூட்டமொன்று கெடுகிறது. எல்லாப் பீக்காக் பெண்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால், அது கெட்டது அடுத்த தலைமுறை ஆண்கள் நிறம் பிடிக்கும்போதுதான் தெரியவரும்.

பேரினப் பெயரைப் பற்றி ஒரு சொல். ஜீப்ரா மீன்களை ஒரு பட்டியல் மேலாண்டியா என்றும் இன்னொன்று மெட்ரியாகிளிமா என்றும் சொல்வதைப் பார்த்துப் பலர் இரண்டு மீன்கள் என்று நினைக்கிறார்கள். முதல் பெயர் 1984இல் மேயரும் ஃபோர்ஸ்டரும் வைத்தது. இரண்டாவது 1997இல் ஸ்டாஃபரும் உடன் ஆய்ந்தவர்களும் வைத்தது. முதல் பெயர் முறைப்படி விவரிக்கப்படவில்லை என்பது ஒரு தரப்பின் வாதம், அது செல்லும் என்பது மற்றொரு தரப்பின் வாதம். வளர்ப்பவருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை, மீன் ஒன்றே.

கற்பாறை சொன்ன இடப்பெயர் நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. மலாவி ஏரியின் தென்பகுதியில் தும்பி மேற்குத் தீவை ஒட்டிய பாறைகளில், ஏரியின் வேறு பகுதிகளைச் சேர்ந்த மீன்கள் மனிதர்களால் விடப்பட்டு அங்கேயே பெருகியிருக்கின்றன. அங்கே பிடித்தது என்பதாலேயே அது அங்குள்ள மீன் ஆகிவிடாது.

நெய்தல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கனீகா நேசன் ஐயா சொன்னபடி படமெடுத்துச் செதில்களை எண்ணினேன். நண்பரின் மீன்களில் இரண்டு வரிசை தெளிவாகத் தெரிகிறது. கடையில் வாங்கியவற்றில், எண்ணக்கூடிய அளவுக்கு வளர்ந்தவை அனைத்திலும் மூன்று வரிசை இருக்கிறது. அப்படியானால் கடையில் வாங்கியவை கிப்பெரோசா என்பது உறுதியாகிவிட்டது என்று கொள்ளலாமா? அவற்றை ‘மோபா’ என்று அழைப்பதற்கு இது போதுமா?

வாயில் முட்டை வைத்திருக்கும் பெண், நண்பரின் கூட்டத்தைச் சேர்ந்தது. கடையில் வாங்கியவற்றில் ஓர் ஆண் நன்றாக வளர்ந்து, தொட்டியில் தலைமையும் பெற்றுவிட்டது. குஞ்சுகளை என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

மலாவி வாசகி அவர்களிடம் தனியாக ஒரு கேள்வி. என் சிறிய தொட்டியில் இருக்கும் ‘டாஃபோடில்’ மீனை ஒருவர் பிரிச்சார்டி என்கிறார், இன்னொருவர் புல்கர் என்கிறார். இதுவும் நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றா?

மலாவி வாசகி

டாஃபோடில் தங்கனீகா மீன் என்றாலும், நானும் அதை வளர்த்திருப்பதால் சொல்கிறேன். அது புல்கர் பெயரில் வழங்கும் இட வகை. செவுள் மூடியைப் பாருங்கள். பிறைபோல் வளைந்த இரண்டு செங்குத்துக் கோடுகளும் இடையே மஞ்சளும் இருந்தால் புல்கர். கண்ணுக்குப் பின்னால் ஒரு கிடைக்கோடு சென்று ஒரு செங்குத்துக் கோட்டைத் தொட்டால் பிரிச்சார்டி. டிரெவாவாஸ், போல் (Poll) என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் இவ்விரண்டையும் ஒரே சிற்றினத்தின் உள்ளினங்களாகவே விவரித்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு வைத்த பெயர் ஏற்கெனவே வேறொரு மீனுக்கு உரியதாக இருந்ததால், 1974இல் அதே போல் (Poll) என்பவர் அதற்குப் பிரிச்சார்டி என்று மறுபெயரிட்டார். பிற்கால மரபணு ஆய்வுகளைக் கொண்டு இரண்டும் ஒரே சிற்றினம்தான் என்று கருதுபவர்களும் உள்ளனர். ஃபிரான்டோசாவில் ஒன்று இரண்டானது. இங்கே இரண்டு ஒன்றாகக்கூடும். எப்படியானாலும் செவுள்கோடு வேறுபட்ட இரண்டு கூட்டங்களை நீங்கள் கலக்காமல் வைத்திருந்தால், எந்தப் பெயர் நிலைத்தாலும் உங்கள் மீன் கெடாது.

தங்கனீகா நேசன்

நெய்தல் அவர்களே, இவ்வளவு விரைவாக எண்ணிப் பார்த்ததற்கு மகிழ்ச்சி. மூன்று வரிசை என்பதால் சிற்றினம் கிப்பெரோசா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது மோபா என்பதற்குச் செதில் சான்றாகாது. ஜாம்பியக் கரையின் மீனுக்கும், தான்சானியாவின் இம்பிம்ப்வே முனையின் மீனுக்கும் அதே மூன்று வரிசைதான். இடத்தைச் சொல்லக்கூடியது மீன் வந்த வழியின் பதிவு மட்டுமே. கடைக்காரரிடம் மீண்டும் சென்று, அந்தக் குஞ்சுகள் இறக்குமதியா, உள்நாட்டுப் பண்ணையா, பெற்றோர் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். எழுத்தில் ஏதாவது கிடைத்தால் ‘கிப்பெரோசா, மோபா’ என்று வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ‘கிப்பெரோசா, மோபா என விற்கப்பட்டது, இடம் உறுதியில்லை’ என்று முழுமையாகவே எழுதுங்கள். நீளமாக இருக்கிறதே என்று சுருக்க வேண்டாம். அடுத்தவர் கைக்குப் போகும்போது முதலில் உதிர்ந்துபோவது அந்த ‘உறுதியில்லை’ என்ற சொல்தான். அதன்பின் அது மோபா ஆகிவிடும்.

நண்பரின் மீன்களுக்கும் இதே முறைதான். இரண்டு வரிசை இருப்பதால் ஃபிரான்டோசா என்பது உறுதி. தலையைச் சேர்த்து ஆறு வரி இருப்பதால் கிகோமா வகை அன்று என்றும் சொல்லலாம். புருண்டி என்பதற்கு நண்பரிடம் வேறு சான்று இருக்கிறதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள். அவர் மறப்பதற்குமுன் கேட்பது நல்லது.

முட்டைகளைப் பொறுத்தவரை, தலைமை பெற்ற கிப்பெரோசா ஆண் இருக்கும் தொட்டியில் ஃபிரான்டோசாப் பெண் இட்ட முட்டைகளைக் கலப்பு என்றே கொள்ள வேண்டும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தாமும் குஞ்சு பொரிக்கும் திறனுடையவை, அதுதான் சிக்கல். ஆகவே கேட்டுவைத்தவர்களுக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். உங்களிடமே வளர்க்க இடமிருந்தால் வளருங்கள், அழகான மீன்களாகவே இருக்கும். இடமில்லையென்றால், ஒற்றை மீனாகக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய, மேலும் பெருக்கமாட்டார் என்று நீங்கள் நம்பும் ஒருவருக்கு, கலப்பு என்று எழுத்திலேயே சொல்லிக் கொடுங்கள்.

அடைகாக்கும் பெண்ணை இப்போது துரத்திப் பிடிக்க வேண்டாம். அச்சத்தில் முட்டைகளை விழுங்கிவிடும், உடலும் நலிந்துபோகும். முதலில் கிப்பெரோசா ஆணை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஏறத்தாழ ஒரு மாதம் முதல் 40 நாள்வரை கழித்து அந்தப் பெண் குஞ்சுகளை வெளியே விட்ட பிறகு, மற்றக் கிப்பெரோசா மீன்களையும் பிரித்துவிடலாம். முட்டைகள் ஒவ்வொரு முறையும் இடும்போதே சினைப்படுத்தப்படுவதால், பிரித்தபின் நண்பரின் கூட்டத்திலேயே அவள் சேர்ந்து இடும் அடுத்த முட்டைகளில் இந்தக் கலப்பு இருக்காது. கேட்டுவைத்தவர்களை அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள்.